டச்சிங்காரன் கெடுத்த கண்காட்சி

1

நான் தனி ஆளாகக் கெடுத்த புகைப்படக் கண்காட்சியைப் பார்க்க நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். வரிசை எங்கள் கட்டடத்தின் வாசலில் தொடங்கி, தெருமுனை தாண்டி, மருந்துக்கடையை ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசல் வழியாகத் திரும்பவும் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தது. வரிசையின் கடைசி ஆள் முதல் ஆளின் தோளைத் தட்டி, "கொஞ்சம் நகருங்க" என்றார். கூட்டத்தில் மூன்று பல் மருத்துவர்கள் இருந்தார்கள். செத்துப்போனவர் ஒருவரும் இருந்தார்.

[ஓரத்தில் பென்சிலால்: வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். கையெழுத்து நோட்டு என்னிடம் இருக்கிறது. பல் மருத்துவர் ஒருவர். செத்தவர் எவரும் இல்லை.]

செத்துப்போனவர் என்று நான் சொன்னது முதல் மாடிப் பெரியவரை. கட்டடச் சங்கத்தின் பட்டியலில் இரண்டு வருடமாக அவருக்கு எதிரே 'காலமானார்' என்றுதான் இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடுவதில்லை என்ற சந்தோஷத்தில் அவரும் திருத்தச் சொல்லவில்லை. ஆக, சங்க ஆவணப்படி நான் சொன்னது உண்மை.

2

வாசகரே, இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கனவில் பிறந்தது, மழையில் பிறந்தது என்றெல்லாம் எழுத்தாளர்கள் பேட்டி கொடுப்பார்கள். இது ஒரு வக்கீலின் வாயில் பிறந்தது. "பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தராவது வந்து, காதால கேட்டேன்னு சொன்னா நல்லாயிருக்கும்மா."

வக்கீல் அதைச் சொன்னது மூன்றாம் மாடித் தையல்காரியிடம். அவள் புருஷன் அவளை அடிக்கிறவன். இப்போது அவன் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறான். அவன் இனி வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. உத்தரவு கிடைக்காவிட்டால் புதன்கிழமை காலை அவன் பெட்டியோடு வந்து காலிங் பெல்லை அடிப்பான். அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாம் மாடியில் இரண்டே வீடுகள். ஒன்று அவளுடையது. மற்றது என் சிநேகிதன் பென்சிலுடையது.

பென்சில் நாற்பது வருடம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். வேலையிலிருந்து அவன் ஓய்வு பெற்றான். காதில் செருகிய பென்சில் பெறவில்லை. லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு, மருந்துப் புட்டியின் காகிதம், கல்யாணப் பத்திரிகை எதையும் திருத்தாமல் விட்டதில்லை. தனிக்கட்டை. நான் எழுதுவதையெல்லாம் படிக்கிற ஒரே ஜீவன். படித்ததில் ஒரு வரியைக்கூட நம்பாத ஜீவனும் அவன்தான். நேற்று அவனிடம் நேராகவே கேட்டேன்.

"யோவ், செவ்வாய்க்கிழமை வந்து ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"என்னத்தை?"

"கேட்டதை."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"ஒரே சுவருய்யா. அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நீ."

"டிவி சத்தம் கேக்கும். அதோட சரி. நீ எதையும் ஊதிப் பெருசாக்குற ஆளு. போ, எழுதிக் கொண்டா. படிச்சுப் பாத்துட்டு எது நிஜம், எது புளுகுன்னு சொல்றேன்."

எழுதிக் கொண்டா என்று சொல்லிவிட்டான். எழுதுகிறேன். இன்று வெள்ளி. எழுத எழுதப் பக்கங்கள் மூன்றாம் மாடிக்குப் போய், ஓரமெல்லாம் கிறுக்கலோடு திரும்பி வருகின்றன. ஆகவே, வாசகரே, இது வேறொருவருக்காக எழுதும் கதை. நீங்கள் பக்கத்து சீட்டுக்காரரின் பேப்பரை எட்டிப் பார்க்கிறீர்கள். சங்கடப்படாமல் பாருங்கள்.

3

நாற்பதாயிரத்தில் தொடங்குவதற்கு முன்னால் மூன்று தொடக்கங்கள் எழுதினேன். வீணாக்க மனமில்லை.

ஒன்று: "அந்த மாலை, அடிபட்ட பறவை ஒன்றைப் போல..." (அடித்துவிட்டேன். எந்த மாலையும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. என் மாலைகளில் பாதி ஸ்டுடியோவின் இருட்டறைக்குள் போயின.)

இரண்டு: "பெண் என்பவள்..." (என் வீட்டுக்காரி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெண் என்பவள்? ம், மேல சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்குறேன்." பேனா அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை.)

மூன்று: "புள்ளிவிவரங்களின்படி..." [எந்தப் புள்ளிவிவரம்? யார் எடுத்தது?]

பார்த்தீர்களா? அடிக்கிறான் என்ற ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தால் பறவை கிடைக்கிறது, தத்துவம் கிடைக்கிறது, எண் கிடைக்கிறது. அடி மட்டும் எங்கேயோ நழுவிவிடுகிறது. இதை ஏன் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்றால், அடியை நழுவவிடுவதுதான் என் தொழில். சொல்கிறேன்.

4

முப்பத்தெட்டு வருடம் நான் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங்காரன். படம் பிடிப்பவர் பிடித்துவிட்டுப் போவார். நெகட்டிவ் என் மேஜைக்கு வரும். கீழே விளக்கு எரியும் கண்ணாடியில் அதை வைத்து, ஊசிமுனைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பரு, தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். என் கையால் இரட்டைத் தாடை ஒற்றையானவர்கள் மட்டும் பதினாறாயிரம் பேர். ஒருவருக்கு மூக்கையே புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். படத்தில் இருப்பது நீ இல்லை என்று பாஸ்போர்ட் ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் படத்தை மாற்ற மனசு வராமல், ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கை மாற்றிக்கொண்டார்.

[பொய்.]

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பென்சில் பிடித்த கை மவுஸ் பிடித்தது. கை என்னவோ அதே கைதான்.

இப்போது என் தங்கச்சி மகள் வருகிறாள். புகைப்படக்காரி. வீட்டுக்குள் நடக்கும் அடிதடியைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்று ஒரு வருடம் அலைந்தாள். முகங்களை எடுக்க மாட்டேன் என்றாள்.

"வீங்கின முகத்தைக் காட்டினா, ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க மாமா. நான் வீட்டைக் காட்டப் போறேன். அதே மாதிரிக் கதவு அவங்க வீட்டுலயும் இருக்கும்ல?"

சம்மதித்த இருபத்திரண்டு பெண்களின் வீடுகளில் இருபத்திரண்டு படங்கள் எடுத்தாள். தாழ்ப்பாள் பெயர்ந்த குளியலறைக் கதவு. கண்ணாடி நொறுங்கிய செல்போன். ஒரு கால் போய், மூன்று காலில் சுவரோடு சாய்த்து வைத்த நாற்காலி. ஒன்பதாவது படம், எங்கள் மூன்றாம் மாடித் தையல்காரியின் சுவர். அதில் ஒரு காலண்டர், குனிந்தால்தான் தேதி தெரியும் என்கிற உயரத்தில் தொங்கியது. அதன் ஓரத்தில், காரை பெயர்ந்த ஒரு பள்ளம் எட்டிப் பார்த்தது. யார் அவ்வளவு கீழே காலண்டர் மாட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். அவளே சொல்வாள்.

"மாமா, கலர் மட்டும் பாத்துட்டு பிரிண்டுக்கு அனுப்பிடுங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தங்கச்சி மகள் வேறு வேலையாக வெளியூர் போனாள்.

சத்தியமாக நான் தொடவில்லை. கை தொட்டது. முதல் படத்தில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். "அடடா" என்றேன். எடுத்தேன். தாழ்ப்பாள் கோணலாக இருந்தது. நேராக்கினேன். அப்புறம் எனக்கு நினைவில்லை. இரண்டு நாள், சீழ்க்கை அடித்துக்கொண்டே, முப்பத்தெட்டு வருட அனுபவத்தையும் கொட்டினேன். செல்போன் கடையிலிருந்து வந்தது போலானது. நாற்காலிக்கு நான்காவது கால் போட்டேன். மற்ற மூன்றைவிட அதுதான் அழகு. ஒன்பதாவது படத்தில் பள்ளத்தைப் பூசி, வெள்ளை அடித்து, காலண்டரைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி மாட்டினேன்.

இவ்வளவுக்கும் அந்தப் படங்கள் எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை, தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் [வாக்கியத்தை முடி.]

முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

5

கண்காட்சி, கட்டடத்தின் தரைத்தளக் கூடத்தில். சட்டம் போட்ட படங்கள் பழுப்புக் காகிதத்தில் சுற்றி அன்று காலைதான் வந்தன. தங்கச்சி மகளின் ரயிலும் தாமதமாக வந்தது. ஆளுக்கொரு படமாக ஆணியில் மாட்டி, பத்து மணிக்குக் காகிதத்தைக் கிழித்தோம். மேலே பெரிய எழுத்தில், 'இந்த வீடுகளில் நடந்தவை'. கீழே, பளபளவென்று இருபத்திரண்டு வீடுகள்.

முதலில் வந்த தம்பதி கைகோத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். கணவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பெட்ரூம் இருக்கா? எப்பக் குடி வரலாம்?"

சங்கப் பட்டியலில் காலமான பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றி வந்தார். "எல்லாம் லட்சணமான வீடா இருக்கும்மா. அடிதடி எந்தப் படத்துல?"

தங்கச்சி மகள் நாற்காலிப் படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"மாமா."

"சொல்லும்மா."

"இந்த நாற்காலிக்கு மூணு காலுதானே?"

"நாலு போட்டேன்."

"யார் கேட்டா?"

"யாரும் கேக்கல."

"தாழ்ப்பாள்?"

"நேராக்கினேன்."

"மாமா, உங்களை நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஜனங்க இருக்காங்க. எல்லாரும் போகட்டும்."

அவள் அம்மா, அதாவது என் தங்கச்சி, சின்ன வயதில் என்னைக் கடித்து வைத்த முழங்கை எனக்கு அப்போது வலித்தது.

அந்த நேரம் பார்த்து பென்சில் வந்தான். படங்களின் கீழே எழுதியிருந்ததையெல்லாம் பிழை பார்த்தான். ஒரு கால்புள்ளி வைத்தான். ஒன்பதாவது படத்தின் முன்னால் நின்றான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமான சத்தத்தோடு சொன்னான்: "பாரு. சுவரு நல்லாத்தானே இருக்கு."

அவனுக்கு இரண்டடி பின்னால் தையல்காரி நின்றிருந்தாள்.

6

இந்த இடத்தில் அவளை ஒரு பெரிய வசனம் பேச வைக்க வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. பேசினாள் என்றே ஒரு பக்கம் எழுதினேன். நீதி, நெருப்பு எல்லாம் வந்தது. கிழித்துப் போட்டேன். அவள் அப்படிப் பேசவில்லை.

தோள்பையைத் திறந்து, துணியில் வெட்டுக்குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்தாள். ஒன்பதாவது படத்தின் கண்ணாடி மேல், காலண்டருக்கு வெகு கீழே, ஒரு வட்டம் போட்டாள். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வரைகிற மாதிரி, ஒரே இழுப்பில்.

"இங்க" என்றாள், பென்சிலிடம். "காலண்டர் அவ்வளவு மேல இல்ல, அங்கிள். இங்கதான் இருந்துச்சு. நான் மெஷின் முன்னாடி உக்காந்திருந்தேன். உக்காந்தா என் தலை இந்த உயரத்துலதான் இருக்கும்."

கூடத்தில் டீ டம்ளர் வைத்திருந்தவர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் வைக்கப் பார்த்தார்.

பிறகு, குளியலறைக் கதவுக்குச் சொந்தக்காரி கையை நீட்டினாள். சாக்குக்கட்டி கை மாறியது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நாற்காலிக்கு நான் போட்ட நான்காவது காலை ஒருத்தி அடித்துத் தள்ளினாள். தங்கச்சி மகள் ஏணியில் ஏறி, விளக்குகளை வெள்ளைக் கோடுகள் மினுங்கும்படி திருப்பினாள். படத்தில் வீடு இல்லாதவர்களும் வந்தார்கள். யாருடைய படத்திலோ தங்கள் கோட்டைப் போட்டார்கள். பல் மருத்துவர் (ஒருவர்தான், ஒப்புக்கொள்கிறேன், பெண்) ஒரு கதவுக் கைப்பிடியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு வெளியேறினார். இரண்டு படங்களுக்கு நடுவே இருந்த வெறும் சுவரில்கூட ஒரு குறி விழுந்தது. அது யார் போட்டதென்று இன்றுவரை தெரியாது. அன்று மட்டும் தொள்ளாயிரம் சாக்குக்கட்டிகள் தேய்ந்து தீர்ந்தன.

[இரண்டு.]

நீதான் அப்போதே போய்விட்டாயே, பென்சில்? தீர்ந்தது இரண்டு என்று உனக்கு எப்படித் தெரியும்? வட்டம் போட்ட உடனே கிளம்பினாய்.

[தலைவலி. மாடிப்படியில் நின்று பார்த்தேன்.]

சாயந்திரம் கூடத்தைப் பூட்டும்போது தங்கச்சி மகள் சொன்னாள்: "காலைல உங்களைக் கொன்னுருப்பேன் மாமா."

"இப்ப?"

"இப்ப ஒத்திப்போட்டிருக்கேன்."

7

ஒரு பாத்திரம் மேல் எனக்குச் சந்தேகம். தையல்காரியின் புருஷன். கண் சிவக்க, மீசை துடிக்க அவனை எழுதினேன்.

[அவனுக்கு மீசை கிடையாது.]

கிடையாதுதான். லிஃப்ட் நின்றால் எல்லார் வீட்டுப் பையையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவன். என் வீட்டுக்காரிக்கு அவனைப் பார்த்தால் மகன் நினைவு வரும். எங்களுக்கு மகன் கிடையாது. பென்சிலின் இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான். பத்து நாள், வேளை தவறாமல் வந்து கண்ணில் மருந்து விட்டான்.

"சொட்டு மருந்து போட்டவன்யா அவன்" என்று கண்காட்சிக்கு மறுநாள் பென்சில் சொன்னான். "என் இமையைப் பிரிச்சுப் பிடிச்ச கை. அதே கைன்னு நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அந்தச் சொட்டு மருந்தைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் கதை வழவழவென்று ஓடும். நீ நல்லவன், அவன் கெட்டவன், செவ்வாய்க்கிழமை சுபம். ஆனால் அது டச்சிங். மருந்து விட்டான். அதை நான் தொடப் போவதில்லை.

பதிலுக்கு என்னுடையது ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டுடியோவுக்கு ஒரு குடும்பம் வருடா வருடம் வரும். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ஒரு வருடம் அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு. எடுத்தேன். அடுத்த வருடம் உதட்டில். எடுத்தேன். "உங்க கையில மந்திரம் இருக்கு" என்று அந்த மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமை. எட்டு வருடம் எடுத்தேன். ஒன்பதாவது வருடம் மூன்று பேர்தான் வந்தார்கள். அம்மா எங்கே என்று நான் கேட்கவில்லை. மூவரையும் நெருக்கி உட்காரச் சொன்னேன்.

இதில் ஓர் எழுத்தும் நான் கூட்டவில்லை.

(இந்தப் பகுதிக்கு ஓரத்தில் எந்தக் குறியும் வரவில்லை.)

8

இனி எழுதப் போவது புத்தக அலமாரியைப் பற்றி.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம், பென்சில் என்னைக் கூப்பிட்டான். ஜன்னலோரம் இருந்த இரும்பு அலமாரியை, தையல்காரி வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு நகர்த்த வேண்டும். இரண்டு கிழவர்கள், எண்ணூறு புத்தகங்கள். என் முதுகில் அன்று எழுந்த சத்தம் கேட்டு கீழ்வீட்டுக்காரர் பூகம்பம் என்று வெளியே ஓடிவந்தார்.

[ஓடிவரவில்லை. மற்றபடி சரி.]

"எதுக்குய்யா இதை இங்க கொண்டாறே?" என்றேன்.

"வெயில் படுது. புத்தகம் பழுத்துப்போகுது."

நம்பினேன். கண்காட்சி முடிந்த பிறகு அந்த அறையில் நின்று பார்த்தேன். ஜன்னலுக்கு எதிரே ஒன்பது மாடிக் கட்டடம். சூரியன் அந்த ஜன்னலுக்கு வரவேண்டுமானால் சங்கத்தில் விண்ணப்பம் கொடுத்துத்தான் வரவேண்டும். அலமாரியில் புத்தகங்கள் இரண்டு அடுக்காக நின்றன. பின்வரிசையில், சுவரோடு ஒட்டி, எல்லாம் தடித்தடியான அகராதிகள். தினமும் புரட்டும் அகராதியை யாராவது பின்வரிசையில் வைப்பார்களா?

நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, பென்சில். உன்னை எப்படிச் சொல்வேன்? நீ சுவரில் அகராதி அடுக்கினாய். நான் சுவருக்கே வெள்ளை அடித்தவன்.

தையல்காரி மனுவில் நான்கு தடவை என்று எழுதியிருக்கிறாள். தேதி நிச்சயமாக நினைவிருப்பதை மட்டும் எழுதச் சொன்னாராம் வக்கீல். நானும் நான்கு தடவை என்றே எழுதுகிறேன். நானூறு என்று எழுதக் கை துடிக்கிறது, எழுதவில்லை. என் வாழ்க்கையில் கூட்டாமல் எழுதும் எண் இது ஒன்றுதான்.

9

முடிவுகள்.

முடிவு ஒன்று: செவ்வாய்க்கிழமை பென்சில் நீதிமன்றத்துக்குள் நுழைகிறான். நீதிபதி எழுந்து நின்று கும்பிடுகிறார். வெளியே நாற்பதாயிரம் பேர் கைதட்டுகிறார்கள். பல் மருத்துவர்கள் மட்டும் ஆறு பேர்.

[நீதிபதி எழ மாட்டார்.]

முடிவு இரண்டு: பென்சில் வரவில்லை. பார்த்தவர் யார், கேட்டவர் யார் என்கிறார்கள். யாருமில்லை. புதன்கிழமை காலை மூன்றாம் மாடியில் காலிங் பெல் அடிக்கிறது. தையல்காரி மெஷினை நிறுத்துகிறாள். பென்சில் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறான். பிறகு...

பிறகு எனக்கு எழுத வரவில்லை. வீட்டுக்காரி படித்துவிட்டு, "இதை ஏங்க எழுதுனீங்க?" என்றாள். "நடந்துடக் கூடாதுன்னுதான்" என்றேன். "அப்ப கொண்டுபோய்க் குடுங்க. இங்க வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா?" என்றாள்.

முடிவு மூன்று: இதை நான் எழுத முடியாது. காதால் கேட்டவன் நான் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, நீங்கள் தயவுசெய்து அந்த இடத்தில் எதையும் நினைக்க வேண்டாம். அது உங்களுக்கு இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் எல்லாப் பக்கங்களையும் அவன் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை என் கதவிடுக்கில் இருந்தன. விட்ட இடத்தில், புரூஃப் பார்க்கும் அதே சின்ன எழுத்தில், அவன் எழுதியிருந்ததை அப்படியே நகல் எடுக்கிறேன். ஒரு புள்ளியையும் தொடவில்லை.

[பகுதி 8. 'வெயில்' என்று நான் சொன்னது பொய். ஜன்னலில் வெயில் வராது.

அதே பகுதி. 'நான்கு தடவை' என்பது தவறு. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முதலில் மெஷின் சத்தம் நிற்கும். பிறகு அவன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். அதற்குப் பிறகும் கேட்கும். அலமாரி வைத்த பிறகும் கேட்டது. எண்ணுவது என் பழக்கம், வேண்டாமென்றாலும் எண்ணிவிடுவேன். சரியான எண் பதினொன்று.

செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கதையில் எங்கேயும் இல்லை. சேர்க்கவும்.

பதினொன்றும் நடந்தது.]